ஆறேகால் முதல் ஏழு வரை

நேற்றைய பதிவிலும் அந்தக் கீறல் இருந்தது.

செனாய் தொழிற்சாலையின் கேண்டீனில், பாதி தின்ற நாசி லெமாக் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஷர்மினி இயர்போனைக் காதுக்குள் இன்னும் ஆழமாக அழுத்தி நான்காவது தடவையாகக் கேட்டாள். முதலில் அவளுடைய மூச்சு, வயிறு வரைக்கும் இறங்கி நிரம்பும் சத்தம். பிறகு கத்தல், கரகரப்பாக, தடிமனாக, மெல்ல எழுந்து ஒரே அளவில் நின்று, சொல்லிக்கொடுத்த மாதிரியே அடங்கும் கத்தல். அது அடங்கி முடிவதற்குள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, அரை வினாடிக்கு ஒரு கிழிசல். பழைய துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். தன் தொண்டை அப்படியொரு சத்தத்தைப் போட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

ஞாபகம் இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. இன்று செவ்வாய். சனிக்கிழமை தேர்வு.

பகலெல்லாம் பூதக்கண்ணாடியின் கீழ் சர்க்யூட் பலகைகளில் விரிசல் தேடுவதுதான் அவள் வேலை. இருபத்து நான்கு வயது வரை யாரிடமும் குரலை உயர்த்தாதவள். சூப்பர்வைசர் வேறொருத்தியின் தவறுக்கு அவளைத் திட்டினால்கூட, சரி சார் என்று கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து குளியலறையில் பதில் சொல்பவள். அப்படிப்பட்டவள் ஆறு வாரத்துக்கு முன்பு தம்போயில் ஒரு பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போய், அலறிப் பாடும் ஒரு மெட்டல் பேண்டுக்குப் பாட ஆள் தேடுகிறீர்களாமே என்று கேட்டு நின்றாள். கிட்டார் வாசிக்கும் டாரில்தான் குழுவுக்குத் தலைவன். அவன் சிரிக்கவில்லை. ஆறு வாரம் தருகிறேன், கற்றுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் சேர்த்து ஒரே நாளில் தேர்வு வைக்கிறேன் என்றான். அந்த மைக் அவளுக்கு வேண்டும். வாழ்க்கையில் எதையும் அவள் இவ்வளவு வெட்கம் கெட்டு விரும்பியதில்லை.

கத்துவது என்றால் தொண்டையைக் கிழித்துக்கொள்வது என்று நினைப்பவர்கள் இரண்டே வாரத்தில் குரல் போய் உட்கார்ந்துவிடுவார்கள். டாரில் முதல் வகுப்பிலேயே அதைச் சொல்லிவிட்டான். பேசும் நாண்களைச் சும்மா விட்டுவிட வேண்டும். அவற்றுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை, கனமான பொருளைத் தூக்கும்போது முக்குவோமே அந்த இடத்தை, மூச்சால் அதிர வைக்க வேண்டும். நான்கு எண்ணி மூச்சை இழுங்கள், நான்கு எண்ணி நிறுத்துங்கள், பிறகு விடுங்கள். வலித்தால் நீங்கள் தப்பாகச் செய்கிறீர்கள். தினமும் பதிவு செய்து அனுப்புங்கள்.

நேற்று இரவு அனுப்பியதற்கு அவன் பதில் காலையில்தான் வந்திருந்தது. "மூச்சு ஓகே. கடைசியில தொண்டையப் போட்டு அமுக்குறீங்க, ஷர்மினி. கிழியிற மாதிரி கேக்குது. மூணு வாரமா இருக்கு, வர வர கூடுது. வெள்ளிக்கிழமை பதிவுலயும் இது இருந்துச்சுன்னா சனிக்கிழமை வராதீங்க. தொண்டை போயிரும் லா, அப்புறம் நான் பதில் சொல்லணும்."

ஆனால் தொண்டை வலிக்கவே இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. ஐஸ் தே குடிக்கிறாள், லைனில் பக்கத்துப் பெண்ணோடு கதையடிக்கிறாள், குரல் காலையில் பூத்த மாதிரி இருக்கிறது. வலிக்காத தொண்டை எப்படிக் கிழியும்?

கூலாயில் அவள் இருப்பது ஒற்றை மாடி வரிசை வீடு. அண்ணன் ரூபேந்திரனோடு இருக்கிறாள். அவன் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போனால் இரவு ஒன்பதுக்குத் திரும்புவான். அப்பா, அம்மா பண்டார் தெங்காராவில். ஆகவே அவள் எவ்வளவு கத்தினாலும் வீட்டுக்குள் கேட்க ஆளில்லை; சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிரச்சனை. போலீசைக் கூப்பிட்டுவிடப் போகிறார்களே என்று பயந்து, முதல் வாரமே அவர்கள் குடியிருப்பான தாமானின் வாட்ஸ்அப் குழுவில் தமிழிலும் மலாயிலும் ஓர் அறிவிப்புப் போட்டாள். பாட்டுப் பயிற்சி செய்கிறேன், மாலையில் முக்கால் மணி நேரம் கத்தும் சத்தம் கேட்கும், யாரும் பயந்துவிட வேண்டாம், மஃரிப் பாங்குக்கு முன் நிறுத்திவிடுவேன், மன்னிக்கவும். சிலர் கட்டைவிரல் காட்டினார்கள். எதிர்வீட்டு அங்கம்மா கும்பிடும் கை அனுப்பினார். யாரோ ஒருவர் காதல் தோல்வியா என்று கேட்டார்.

எல்லோருக்கும் முன்னால் பதில் போட்டது ஒட்டிய வீட்டுக் கமலநாதன்தான். 'தாராளமாகப் பாடுங்க தங்கச்சி. எங்களுக்குத் தொந்தரவு இல்லை. ஆறேகாலுக்கு மேல வச்சுக்குங்க. அப்பதான் நானும் வேலை முடிஞ்சு வருவேன்.' நல்ல மனுஷர் என்று அப்போது நினைத்தாள். வேலை முடிந்து வருகிற மனிதன் வீட்டில் அமைதியைத்தானே கேட்பான் என்று அப்போது தோன்றவில்லை.

அன்று மாலையும் ஆறேகாலுக்குப் பின்னறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியை அலமாரி மேல் வைத்துப் பதிவைத் தட்டினாள். வெளியே கம்பிகளில் மைனாக்கள் கூடி இரைந்தன. யார் வீட்டிலோ மீன் பொரித்தார்கள். தூரத்தில் நெடுஞ்சாலை லாரிகள் ஓயாமல் உறுமின. இந்த முறை கத்தலின் கடைசி மேலேயே கவனத்தை வைத்தாள். தொண்டையைத் தளர விட்டாள். தாடையைத் தொங்கவிட்டாள். அடங்கும்போது ஒரு சின்ன நெருடல்கூட இல்லை, அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஏழு மணிக்கு உட்கார்ந்து கேட்டாள். கீறல் இருந்தது. முன்பைவிட நீளமாக.

குப்பை போட வெளியே வந்தபோது கமலநாதன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, எப்போதும் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் குடிவந்தார்கள். வந்ததும் ஒரு வாரம் சிமெண்ட் மூட்டைகளும் டிரில்லுமாக வீட்டுக்குள் ஏதோ வேலை நடந்தது. அவர் மனைவி சந்திரமதியை ஷர்மினி இரண்டு தடவை, அதுவும் ஜன்னலுக்குள்ளே, பார்த்திருக்கிறாள்.

"நல்லா வருது தங்கச்சி," என்றார், தண்ணீர்க் குழாயை மூடாமலே. "நேத்துதான் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திட்டீங்க."

"நேத்தா அங்கிள்?"

"ஏழுக்கு அஞ்சு நிமிஷம் இருந்துச்சு."

அவள் சிரித்து வைத்தாள். உள்ளே வந்து கேட்டைப் பூட்டிய பிறகு சிரிப்பு நின்றது. நேற்று ஆறு ஐம்பத்தைந்துக்கு நிறுத்தியது அவளுக்கே ஞாபகமில்லை. பதிவைத் திறந்து நேரத்தைப் பார்த்தாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை வேலை முடிந்து தம்போய்க்குப் பஸ் பிடித்தாள். சுவரெங்கும் மெத்தை ஒட்டிய சின்ன அறையில், டாரில் எதிரில் உட்கார்ந்து அவளுடைய கைப்பேசியிலேயே பதிவு செய்தான். ஐந்து தடவை கத்தினாள். ஐந்தையும் அவன் ஒலிபெருக்கியில் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டான். எங்கேயும் கீறல் இல்லை.

"இங்க சுத்தமா வருதே," என்றான். "வீட்டுல ஏன் அமுக்குறீங்க? பயமா?"

"இல்ல ப்ரோ. அங்கயும் இப்படித்தான் பாடுறேன்."

"அப்ப வீட்டுல கூட யாராச்சும் கத்துறாங்களா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டான். கேட்டுவிட்டு வயர்களைச் சுருட்டப் போய்விட்டான். அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தபடியே நின்றாள், குடிக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் பாட்டுக்காகப் பயிற்சி செய்யவில்லை, சோதிக்கத்தான் செய்தாள். முதலில் முன் கூடத்தில் நின்று மூன்று தடவை கத்தினாள். பிறகு சமையலறையில் மூன்று. கடைசியாகப் பின்னறையில், கமலநாதன் வீட்டோடு சேர்ந்த சுவரை ஒட்டி நின்று மூன்று. எல்லாவற்றையும் இரவு போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்டாள். கூடத்தில் கீறல் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. சமையலறையில் மெலிசாக இருந்தது. பின்னறையில், கைப்பேசிக்கு மிக அருகே, ஈரமாக, கிழிந்தது.

அதுவரை வால் பகுதியை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஆரம்பத்துக்குப் போனாள். மூன்று வாரமாகக் குறை தேடிப் பழகிய காது. தன் குரலின் தடிமனுக்கு அடியில் இன்னொன்று ஓடுவதை முதல் முறையாகப் பிரித்துக் கேட்டாள். அவள் தொடங்கிய பிறகு அது தொடங்கியது. அவள் நிறுத்திய பிறகு நின்றது. அவள் கத்தல் மூடியதால் நடுவில் கேட்கவில்லை, அவ்வளவுதான்; கடைசி அரை வினாடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக அவள் திருத்தப் பார்த்தது அவளுடைய குறையே இல்லை.

இன்னொன்றும் கேட்டது, அல்லது கேட்கவில்லை. அந்தக் குரலுக்கு முன்னால் மூச்சு இல்லை. பாடுகிற எவளும், நேற்றுச் சேர்ந்த கத்துக்குட்டியாக இருந்தாலும், முதலில் மூச்சை இழுப்பாள். இது இழுக்கவில்லை. இழுக்க நேரம் கிடைக்காத ஒருத்தியின் சத்தம் அது.

ஷர்மினி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். அண்ணன் அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பி என்ன சொல்வது? அந்த மனுஷர் பெண்டாட்டியை அடிக்கிறார், நான் கத்தும்போது பார்த்து அடிக்கிறார் என்றா? அவரிடம் மளிகைக்கடைக்காரன்கூட மரியாதையாகப் பேசுகிறான். நாளைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காமல் இருந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். ஒன்றும் கேட்காவிட்டால் தன் புத்திதான் கோணல். வெட்கப்பட்டுக்கொண்டு நிம்மதியாகச் சனிக்கிழமை போகலாம்.

வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்குப் பதிவைத் தட்டிவிட்டுப் பின்னறைத் தரையில், சுவருக்கு எதிரே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மைனாக்கள் இரைந்தன. ஒரு மோட்டார் சைக்கிள் வரிசையைத் தாண்டிப் போயிற்று. அடுத்த வீட்டில் குழாய் திறந்து மூடியது, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்கள், பிறகு ஒன்றுமில்லை. ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. மூடிய அறையின் புழுக்கத்தில் சுண்ணாம்பு வாடை ஏறியது. ஒரு சத்தமும் இல்லாதது அவளுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அது நிம்மதியாக இல்லை. அந்தப் பக்கத்திலும் யாரோ இவளைப் போலவே உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஆறரைக்குச் சுவரில் ஒரு தட்டு. மெதுவாக, விரல் முட்டியால். ஒரே ஒரு தட்டு.

அவள் எழுந்து சமையலறை வழியாகப் பின்கட்டுக்கு வந்தாள். அங்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சு உயரச் சுவர், அதற்கு மேல் கம்பி. கம்பிக்குப் பின்னால் கமலநாதன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கி இல்லியா தங்கச்சி?"

"தொண்டை சரியில்ல அங்கிள்."

"அப்படியா." அவர் உள்ளே போய், உடனே ஒரு சின்னப் பிளாஸ்க்கோடு வந்தார். தயாராகவே வைத்திருந்திருக்க வேண்டும். "இஞ்சித் தண்ணி. சூடாக் குடிங்க. குடிச்சிட்டு ஆரம்பிங்க. அவ காத்துக்கிட்டு இருக்கா."

"ஆண்ட்டியா?"

அவர் பிளாஸ்க்கைக் கம்பி வழியாக நீட்டினார். வாங்கினாள். ஏன் வாங்கினோம் என்று தெரியாமலே வாங்கினாள். இருபத்து நான்கு வருஷத்துப் பழக்கம், நீட்டினால் வாங்கிக்கொள்வது.

உள்ளே வந்து, கூடத்தில் இருந்த வீட்டுத் தொலைபேசியில் அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் இருந்தான். சுற்றிலும் ஆயிரம் மோட்டார் சைக்கிள்கள் உறுமின. "கேக்கல, என்னா சொல்ற? அடிக்கிறாரா? அப்ப போலீசுக்குப் போன் அடி. நீ போய் மாட்டிக்காத, கதவப் பூட்டிக்க. நான் வர ஒன்பது ஆவும்." அவள் போலீசுக்குப் போன் அடித்தாள். குரல் நடுங்காமல் விலாசம் சொன்னதற்கு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ரோந்து கார் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு பெண் தினமும் அலறுகிறாள் என்று ஷர்மினி மலாயில் சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டு அங்கம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பயந்துபோன பிள்ளையைக் காப்பாற்றுகிற வேகம் அவர் நடையில் இருந்தது.

"இந்தப் பிள்ளைதான் சார் கத்துறது. பாட்டுப் படிக்கிது. எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் செய்யிது. இந்தா, பாருங்க." அவளுடைய அறிவிப்பையே எடுத்து நீட்டினார். "யாரும் பயப்படாதீங்கன்னு போட்டிருக்கு."

"நான் இல்ல ஆண்ட்டி. நான் கத்துறப்ப இன்னொருத்தங்களும்..."

"இன்னிக்கி யாரும் கத்தலயேம்மா," என்றார் அங்கம்மா, இதமாக.

அது உண்மை. இன்று யாரும் கத்தவில்லை.

மூத்த போலீஸ்காரர் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். கமலநாதன் கேட்டைத் தானே திறந்துவிட்டு, வந்து பாருங்கள் என்று கையைக் காட்டினார். இளையவர் பூட்சைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். வாசலில் சந்திரமதி வந்து நின்றார். தலை வாரி, பொட்டு வைத்து, நைட்டி மேல் துண்டு போட்டிருந்தார். முகத்தில் ஒரு காயம் இல்லை, கையில் ஒரு தழும்பு இல்லை.

"சின்னப் பிள்ளைங்க சார்," என்றார். "பரவால்ல, பாடட்டும். எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

மணி மாதிரிக் குரல். மூச்சு எடுக்காமல் ஒரே ஒரு வாரம் கத்தினால் குரல் தேய்ந்து காற்றாகிவிடும் என்பது ஷர்மினிக்குத் தெரியும். அவள் ஆறு வாரமாகப் படித்ததே அதைத்தான். இந்தத் தொண்டை மூன்று வாரத்தில் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. அடி வாங்குவது இவர் இல்லை. அப்படியானால் அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது யார்?

இளையவர் திரும்பி வந்து பூட்சை மாட்டினார். "தீகா பிலேக், செமுவா ஓகே," என்றார் மூத்தவரிடம். மூன்று அறையும் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. மூத்தவர் அவளைப் பார்த்து, அடிக், பெலான் சிகிட் யா, என்றார். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள், தங்கச்சி. அவ்வளவுதான். கார் கிளம்பியது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அங்கம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கார் முனையில் திரும்பி மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வரிசையில் எல்லா வீடும் ஒரே அச்சு. முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு அறை.

தன் வீட்டுக் கேட்டை நோக்கித் திரும்பினாள். கமலநாதன் உள்ளே போய்விட்டிருந்தார். சந்திரமதி மட்டும் இடைச்சுவர் அருகே வந்தார்.

"இன்னிக்கி லேட்டானாலும் பரவால்ல. பாடிடும்மா," என்றார், அந்த இனிய குரலில், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டை ஞாபகப்படுத்துகிற மாதிரி. "நீ பாடலன்னா கஷ்டம் அவளுக்குத்தான்."

அவர்கள் வீட்டுக் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஷர்மினி உள்ளே ஓடிவந்து முன் கதவைப் பூட்டினாள். கைப்பேசி பின்னறை அலமாரியில். அதை எடுக்கத்தான் அங்கே போனாள். இருட்டிவிட்டது. விளக்கைப் போடவில்லை. திரையில் சிவப்புப் புள்ளி. ஆறேகாலிலிருந்து பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

சுவரில் ஒரு தட்டு.

அவள் அசையவில்லை. பாங்கு முடிந்திருந்தது. மைனாக்கள் அடங்கியிருந்தன.

சுவருக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

அவசரமில்லாத மூச்சு. அடிவரைக்கும் போகிற மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிறுத்தல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பிறகு கத்தல்.

தடிமனாக வந்தது. மெல்ல எழுந்தது. ஒரே அளவில் நின்றது. தொண்டையைத் தொடாமல், மேல் மடிப்பில் அதிர்ந்து, ஒரு நெருடல்கூட இல்லாமல் அடங்கியது. கீறல் இல்லை. ஆறு வாரமாக இந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி பாடம் கேட்டிருக்கிறாள். வலிக்காமல் கத்துவது எப்படி என்று. தினமும் கத்த வேண்டியவள்.

ஷர்மினி பதிவை நிறுத்தினாள். கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி டாரிலுக்கு அனுப்பினாள். 'நான் வாயே திறக்கல ப்ரோ. உடனே வாங்க.' எழுத்தை அனுப்புவதற்கு முன்பே ஒலி போய்விட்டது. எழுத்து கிளம்புவதற்குள் அவன் பதிலும் வந்துவிட்டது.

'இதுதான். கீறலே இல்ல. நாளைக்கு நீங்கதான்.'

அவள் எழுத்துக்குக் கீழே ஒரே ஒரு டிக்தான் விழுந்தது. அது போய்ச் சேரவில்லை; அவன் போனை அணைத்துவிட்டான்.

சுவர் மறுபடி மூச்சு இழுத்தது. நிறுத்தியது. ஆனால் கத்தவில்லை. விட்டுக்கொடுத்தது. வகுப்பில் இரண்டு பேர் மாறி மாறிப் பாடும்போது அடுத்தவளுக்கு விடுகிற இடைவெளி. அது நீண்டது. அதற்குள் அந்தப் பக்கத்தில் ஒரு செருப்புச் சத்தம் நடந்து வந்தது. நின்றது. ஏதோ இரும்பைத் தரையில் வைத்தார்கள்.

இன்னொரு தட்டு.

சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அந்த மூச்சு எங்கே இருக்கிறதென்று தேடினாள். தன் முக உயரத்தில் இல்லை. நெஞ்சு உயரத்தில் இல்லை. இடுப்பில் இல்லை. குனிந்தாள். மண்டியிட்டாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காரை ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

அங்கே, சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு வாய்.

செருப்பு இன்னும் ஓரடி வைத்தது.

ஷர்மினி தரையில் படுத்து, அந்த ஈரத்துக்கு நேராக முகத்தை வைத்து, நான்கு எண்ணி மூச்சை இழுத்தாள்.